உயிர் பிழைக்கத் தகுதியானவர் யார்?

இரண்டு சிறுநீரகங்களும் முற்றாகச் செயலிழந்த ஒருவர் சில வாரங்களுக்குள் இறந்துவிடுவார் என்பது 1940களின் நடுப்பகுதி வரை மருத்துவ உலகில் எவரும் கேள்விக்குட்படுத்தாத உண்மையாக இருந்தது. வைத்தியர்களிடம் அப்போது இருந்தவை ஆறுதல் வார்த்தைகளும் உப்பும் புரதமும் குறைந்த உணவும் மாத்திரமே. இன்று அத்தகைய நோயாளி ஒருவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இயந்திரத்தின் மூலம் குருதியைச் சுத்திகரிப்பது முதலாவது. வயிற்றறைக்குள் திரவத்தைச் செலுத்திக் கழிவுகளை வெளியேற்றுவது இரண்டாவது. இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பெற்றுப் பொருத்திக்கொள்வது மூன்றாவது. முதுமையாலோ வேறு நோய்களாலோ தளர்ந்துபோய், இவை எவையும் வேண்டாம் என்று தீர்மானிப்பவர்களுக்கு வேதனையைத் தணித்து எஞ்சிய நாட்களை அமைதியாகக் கழிக்க உதவும் ஆதரவுச் சிகிச்சை நான்காவது.

இந்த வழிகள் எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டன என்பது விஞ்ஞானத்தின் வரலாறு. அவற்றை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று மனிதர்கள் எவ்வாறு தீர்மானித்தார்கள் என்பது வேறொரு வரலாறு. பல தசாப்தங்களைப் பத்திரிகை அலுவலகங்களில் கழித்தவன் என்ற முறையில் எனது கவனத்தை அதிகம் ஈர்த்தது இந்த இரண்டாவது வரலாறே. அதில் பத்திரிகையாளர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஒல்லாந்தில் பிறந்த இயந்திரம்

கரைசல் ஒன்றில் கலந்திருக்கும் சிறிய மூலக்கூறுகளையும் பெரிய மூலக்கூறுகளையும் மென்சவ்வு ஒன்றின் உதவியால் பிரித்தெடுக்கலாம் என்பதை விளக்கி, அந்தச் செயன்முறைக்கு 'டயலிசிஸ்' என்று பெயரிட்டவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த இரசாயனவியலாளர் தோமஸ் கிரஹாம். அது 1861ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஏபலும் அவரது சகாக்களும் 1913இல் இந்த முறையை நாய்களில் பரீட்சித்தனர். குருதி உறையாமல் இருப்பதற்கு அவர்கள் பயன்படுத்தியது அட்டைகளிலிருந்து எடுத்த ஹிருடின் என்னும் பொருளை. ஜேர்மனியின் கீசன் நகரில் ஜோர்ஜ் ஹாஸ் என்ற வைத்தியர் 1924இல் முதற்தடவையாக மனிதரில் இதனைச் செய்து பார்த்தார். ஆனால் அவரால் எவரையும் காப்பாற்ற இயலவில்லை.

அதைச் செய்து காட்டியவர் வில்லெம் கொல்ஃப் என்ற ஒல்லாந்து வைத்தியர். குரோனிங்கன் பல்கலைக்கழக வைத்தியசாலையில் இளம் வைத்தியராக இருந்த காலத்தில், சிறுநீரகங்கள் செயலிழந்த இளைஞன் ஒருவன் மெல்ல மெல்ல இறந்துகொண்டிருந்ததை அவர் அருகிலிருந்து பார்த்தார். நாளாந்தம் குறிப்பிட்ட அளவு யூரியாவை அகற்ற முடிந்தால் அவன் வாழக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதே தோன்றியது. 1940 மே மாதம் ஹிட்லரின் படைகள் ஒல்லாந்துக்குள் நுழைந்தபோது, கொல்ஃபின் மேலதிகாரியாக இருந்த யூதப் பேராசிரியரும் அவரது மனைவியும் தற்கொலை செய்துகொண்டனர். அந்த இடத்துக்கு நாஸி ஆதரவாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவரின் கீழ் பணியாற்ற விரும்பாத கொல்ஃப், கம்பன் என்ற சிற்றூரின் வைத்தியசாலைக்குச் சென்றுவிட்டார்.

ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. கொல்ஃப் பயன்படுத்திய மென்சவ்வு, இறைச்சிக்கடைகளில் சொசேஜ் அடைப்பதற்குப் பயன்பட்ட செலோபேன் குழாய். அதனை மரச்சலாகைகளால் ஆன உருளை ஒன்றில் சுற்றி, உப்புக்கரைசல் நிரம்பிய எனாமல் தொட்டிக்குள் சுழலவிட்டார். எனாமல் தொழிற்சாலை ஒன்றை நடத்திய பேர்க் என்பவர் தொட்டி செய்வதற்கு உதவினார். சுழலும் உருளைக்குள் குருதி கசியாமல் செல்லும் இணைப்புக்கு ஃபோர்ட் மோட்டார் வாகனத்தின் நீர்ப்பம்பியிலிருந்த அமைப்பு முன்மாதிரியாக அமைந்தது. குருதி உறைவதைத் தடுக்க ஹெபரின் அப்போது கிடைக்கத் தொடங்கியிருந்தது.

1943 மார்ச் மாதம் இந்த இயந்திரத்தில் முதன்முதலாகச் சிகிச்சை பெற்றவர் 29 வயதுப் பணிப்பெண் ஒருவர். ஒவ்வொரு தடவையும் அவரது உடல் தேறியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு நாடியையும் நாளத்தையும் வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. இறுதியில் திறப்பதற்குக் குருதிக்குழாய்கள் எஞ்சவில்லை, அவர் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். ஊர் வைத்தியசாலை ஒன்றில் இவ்வளவு மரணங்களுக்குப் பின்னரும் ஒரு மனிதர் தனது முயற்சியைக் கைவிடாமல் இருந்தது எவ்வளவு கடினமானது என்பதை வாசகர்களால் ஊகிக்க முடியும்.

போர் முடிந்த பின்னர், 1945 செப்டெம்பர் மாதம் அவரிடம் கொண்டுவரப்பட்டவர் 67 வயதான ஒரு பெண்மணி. அவர் நாஸிகளுக்கு ஒத்துழைத்தவர் என்ற குற்றச்சாட்டில் சிறைவைக்கப்பட்டிருந்தவர். ஆக்கிரமிப்பின் கொடுமையை ஐந்து வருடங்கள் அனுபவித்த மக்கள் அத்தகையோரை எவ்வளவு வெறுத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அவரைப் பிழைக்கவைப்பதை அந்த ஊரில் பலர் விரும்பவில்லை. நாஸிகளின் கீழ் பணியாற்ற மறுத்து வெளியேறிய கொல்ஃபுக்கும் அந்த வெறுப்புக்கான காரணங்கள் இருந்தன. ஆனால் தன்முன் கிடப்பவர் ஒரு நோயாளி என்பதற்கு மேலாக அவர் எதையும் ஆராயவில்லை. பதினொரு மணித்தியாலங்களுக்கு மேல் இயந்திரம் சுழன்றது. நினைவிழந்து கிடந்த பெண்மணி கண்விழித்தார். தனது கணவரை விவாகரத்துச் செய்யப்போகிறேன் என்பதே அவர் பேசிய முதல் வார்த்தைகள் என்று சொல்லப்படுகிறது. பின்னர் பல ஆண்டுகள் வாழ்ந்து, சிறுநீரகத்துடன் தொடர்பில்லாத வேறொரு காரணத்தால் அவர் இறந்தார்.

செயற்கைச் சிறுநீரகத்தால் காப்பாற்றப்பட்ட முதல் உயிர் ஊரார் வெறுத்த ஓர் உயிர் என்பதை நான் ஒரு தற்செயலாக மாத்திரம் பார்ப்பதில்லை. நோயாளியின் தகுதியை விசாரிக்காமல் தொடங்கிய ஒரு சிகிச்சை, பதினேழு ஆண்டுகளின் பின்னர் தகுதியை மாத்திரமே விசாரிக்கும் நிலைக்கு வந்தது. கொல்ஃப் தனது இயந்திரத்துக்கு வணிக உரிமை கோராமல், தயாரித்த இயந்திரங்களைப் போருக்குப் பின் லண்டன், நியூயோர்க் உட்படப் பல நகரங்களின் வைத்தியசாலைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. 1950இல் அமெரிக்காவில் குடியேறிய அவர் 2009இல் தனது 97ஆவது வயதில் காலமானார்.

சியாட்டிலின் ஏழு பேர்

கொல்ஃபின் இயந்திரம் தற்காலிகமாகச் சிறுநீரகம் செயலிழந்தவர்களையே காப்பாற்றக்கூடியதாக இருந்தது. சில நாட்கள் தாக்குப்பிடித்தால் சிறுநீரகம் தானாகத் தேறிவிடும் நிலையில் இருந்தவர்கள் அவர்கள். சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதடைந்தவருக்கு வாரத்துக்குப் பல தடவைகள், வாழ்நாள் முழுவதும் சிகிச்சை தேவை. ஒவ்வொரு தடவையும் குருதிக்குழாய்களை வெட்டிக்கொண்டிருக்க முடியாது.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெல்டிங் ஸ்க்ரிப்னர். முன்னங்கையில் ஒரு நாடிக்குள்ளும் ஒரு நாளத்துக்குள்ளும் டெஃப்லோன் குழாய்களை நிரந்தரமாகப் பொருத்தி, சிகிச்சை இல்லாத நேரத்தில் இரண்டையும் வெளியே ஒன்றாக இணைத்துவிடுவது அவரது யோசனை. வேண்டியபோது இணைப்பைக் கழற்றி இயந்திரத்துடன் பொருத்திக்கொள்ளலாம். 1960 மார்ச் 9ஆம் திகதி போயிங் விமானத் தொழிற்சாலையின் இயந்திரத் தொழிலாளியான கிளைட் ஷீல்ட்ஸுக்கு இந்தக் குழாய் பொருத்தப்பட்டது. மரணத்தின் விளிம்பில் இருந்த அவர் அதற்குப் பின்னர் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஒரே இரவில் மரணதண்டனை ஒன்று ஆயுள் நீடிப்பாக மாறிவிட்டது. ஆனால் இயந்திரங்களோ சில, செலவோ பெரிது, காத்திருப்போர் அநேகர். 1962 ஜனவரியில் சியாட்டிலில் உலகின் முதலாவது வெளிநோயாளர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டபோது, யாரைச் சேர்ப்பது என்ற கேள்வியை வைத்தியர்கள் தாமாகவே தீர்மானிக்க விரும்பவில்லை. மருத்துவ ரீதியாகப் பொருத்தமானவர்களை முதலில் வைத்தியர் குழுவொன்று தெரிவு செய்தது. 45 வயதைத் தாண்டியவர்களும் சிறுவர்களும் அந்தக் கட்டத்திலேயே நீக்கப்பட்டனர். எஞ்சியவர்களில் யார் வாழ்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஏழு பேரைக் கொண்ட பொதுமக்கள் குழுவொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு சட்டத்தரணி, ஒரு மதகுரு, ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசாங்க அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். அவர்களது பெயர்கள் வெளியிடப்படவில்லை. அவர்களுக்கும் நோயாளிகளின் பெயர்கள் தெரியாது.

அவர்கள் எவற்றை ஆராய்ந்தார்கள்? வயது, ஆணா பெண்ணா, திருமணமானவரா, எத்தனை பிள்ளைகள், வருமானம் எவ்வளவு, சொத்து எவ்வளவு, என்ன கல்வி, என்ன தொழில், மன உறுதி எத்தகையது, இதுவரை சமூகத்துக்கு என்ன செய்தார், இனி என்ன செய்யக்கூடும் என்பவற்றை ஆராய்ந்தார்கள். அந்த மாநிலத்தில் வதிபவராக இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. தேவாலயத்துக்கு ஒழுங்காகச் செல்பவரா என்பது கூட அவர்களது உரையாடலில் இடம்பெற்றது.

இதை உலகுக்கு அறிவித்தவர் ஒரு பத்திரிகையாளர். 'லைஃப்' சஞ்சிகையின் ஷானா அலெக்சாண்டர் என்ற பெண் எழுத்தாளர் இந்தக் குழு பற்றி எழுதிய நீண்ட கட்டுரை 1962 நவம்பர் மாதம் வெளிவந்தது. குழுவினரை அவர் கொடியவர்களாகச் சித்திரிக்கவில்லை. தம்மால் சுமக்க இயலாத ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருந்த சாதாரண மனிதர்களாகவே காட்டினார். அதுவே வாசகர்களை அதிகம் உலுக்கியது. மருத்துவ அறவியல் என்ற தனித்துறையின் தோற்றத்தைப் பற்றி எழுதும் பலர் அந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றனர். இத்தகைய அளவுகோல்களின்படி, தனித்துக் காட்டில் வாழ்ந்த அமெரிக்கச் சிந்தனையாளர் தோரோ சியாட்டிலில் சிறுநீரக நோயாளியாக இருந்திருந்தால் அவருக்கு இயந்திரம் கிடைத்திருக்காது என்று 1968இல் இரு அறிஞர்கள் ஒரு சட்ட ஆய்விதழில் சுட்டிக்காட்டினர். நடுத்தர வர்க்கம் தன்னைப் போன்றவர்களையே காப்பாற்றுகிறது என்பதே அவர்களது குற்றச்சாட்டின் சாரம்.

குழுவின் விதிகளால் நிராகரிக்கப்பட்ட பள்ளி மாணவி ஒருத்தியின் கதையையும் இங்கு சொல்ல வேண்டும். அவள் வயது குறைந்தவள் என்பதால் அவளுக்கு இடமில்லை. அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் ஆல்பேர்ட் பாப், தனது குழுவினருடன் சில மாதங்கள் இரவு பகலாக உழைத்து, வீட்டிலேயே வைத்து இயக்கக்கூடிய ஓர் இயந்திரத்தை அவளுக்காக உருவாக்கினார். 1964இல் அவள் தன் வீட்டில் சிகிச்சையை ஆரம்பித்தாள். பின்வந்த சுத்திகரிப்பு இயந்திரங்கள் பலவற்றுக்கும் அதுவே மூதாதை. நிராகரிப்பு ஒன்று ஒரு கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது உண்மை. ஆனால் அத்தகைய பேராசிரியர் ஒருவரை அறிந்திராத நிராகரிக்கப்பட்டோரின் கதை என்னவாயிற்று என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

1966இல் நியூயோர்க்கின் வைத்தியர்களான பிரெசியாவும் சிமினோவும் அவர்களது சகாக்களும் வெளிக்குழாயே தேவையற்ற முறையொன்றை அறிவித்தனர். கையின் நாடியையும் நாளத்தையும் தோலுக்குள்ளேயே இணைத்துவிட்டால் நாளம் பருத்து வலுப்பெறும்; அதில் ஊசி ஏற்றிச் சிகிச்சை செய்யலாம். 'ஃபிஸ்டுலா' என்று நோயாளிகள் இன்று குறிப்பிடுவது இதனையே.

அமெரிக்காவில் ஏழு பேர் குழுவுக்கான தேவை இறுதியில் அரசியல் தீர்மானத்தினாலேயே இல்லாமற்போயிற்று. 1971 நவம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்றின் முன்னிலையில், நோயாளர் சங்கமொன்றின் பிரதிநிதி சாட்சியமளிக்க வந்தபோது, இயந்திரத்துடன் இணைக்கப்பட்டுச் சிகிச்சையும் பெற்றுக்காட்டினார். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், சிறுநீரகம் செயலிழந்த ஏறத்தாழ அனைவரினதும் சிகிச்சைச் செலவை வயது வேறுபாடின்றி அரசின் மெடிகெயார் காப்புறுதிக்குள் கொண்டுவந்தது. 1973 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தபோது அந்நாட்டில் இந்தச் சிகிச்சையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர். இன்று அத்தொகை 5 இலட்சத்துக்கும் அதிகம். கதவைத் திறந்ததும் எவ்வளவு பேர் வெளியே காத்துநின்றனர் என்பது தெரியவந்தது.

இரட்டையர்களும் கைரேகையும்

மூன்றாவது வழியான மாற்றுச் சத்திரசிகிச்சையின் வரலாறும் சமாந்தரமாகவே வளர்ந்தது. இறந்தவரின் சிறுநீரகத்தை மனிதர் ஒருவருக்குப் பொருத்தும் முதல் முயற்சியை உக்ரேனில் வோரனோய் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1933இல் மேற்கொண்டார். நோயாளி இரண்டு நாட்களில் இறந்துவிட்டார். அந்நிய உறுப்பை உடல் நிராகரிப்பதே பிரச்சினை.

1954 டிசம்பர் 23ஆம் திகதி பொஸ்டனில் ஜோசப் மறே, ஒரே கருவில் உருவான இரட்டைச் சகோதரர்களில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். உடல்கள் ஒன்றுபோலவே இருந்தபடியால் நிராகரிப்பு நிகழவில்லை. இருவரும் உண்மையில் அத்தகைய இரட்டையர்கள்தானா என்று உறுதிப்படுத்த அவர்களது கைரேகைகளைப் பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்தார்கள். பொலிஸ் நிலையத்தில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்த நிருபர் மூலமாகவே விடயம் வெளியே கசிந்தது. பொலிஸ் நிலையத்தைச் சுற்றித்திரிந்து செய்தி தேடிய எவருக்கும் இது வியப்பைத் தராது. சிறுநீரகத்தைப் பெற்ற சகோதரர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்த சகோதரர் 2010 வரை வாழ்ந்தார். மறேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லோருக்கும் இரட்டையர் இல்லை. 1960களில் வந்த அஸதியோபிரின், அதன் பின்னர் நோர்வேயின் மண்ணில் கிடைத்த பூஞ்சணம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளே உறவினரல்லாதவரின் உறுப்பையும் உடல் ஏற்கும்படி செய்தன. 1978இல் கேம்பிரிட்ஜில் ரோய் கான் சைக்ளோஸ்போரினை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கொடுத்தார். 1983இல் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. எவருடைய சிறுநீரகமும் எவருக்கும் பொருந்தலாம் என்ற நிலை வந்ததும், அதை விலைக்கு வாங்கலாம் என்ற நிலையும் கூடவே வந்துவிட்டது.

இரண்டாவது வழியான வயிற்றறைச் சுத்திகரிப்புப் பற்றி நமது மக்கள் மிகக் குறைவாகவே அறிந்துள்ளனர். குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் இம்முறையை, நோயாளி தானாகவே வீட்டில் நாள்தோறும் செய்யத்தக்க வகையில் 1976இல் வடிவமைத்தவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பொப்போவிச், மொன்கிரீஃப் ஆகியோர். கண்ணாடிப் போத்தல்களுக்குப் பதிலாக பிளாஸ்டிக் பைகளைப் பயன்படுத்தி அதனை இலகுவாக்கியவர் டொரன்டோ நகரின் ஓரியோபுலோஸ். இதற்குப் பெரிய இயந்திரமோ மின்சாரமோ கட்டாயமில்லை. தூய்மையும் பயிற்சியும் திரவப் பைகள் தடையின்றிக் கிடைப்பதுமே அவசியம். தவறினால் வயிற்றறையில் கிருமித்தொற்று ஏற்படும். ஹொங்கொங் 1985 முதல் தனது பொது வைத்தியசாலைகளில் இம்முறைக்கே முதலிடம் கொடுத்து வந்துள்ளது. நகரிலிருந்து தொலைவில் வாழ்பவர்களுக்கு இம்முறை எவ்வளவு பயன்தரும் என்பது விளங்கும்.

நமது பக்கத்துக் கதை

தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் நடைபெற்ற சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை இந்தியாவில் இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஆனால் 1980களிலும் 90களிலும் சென்னை வேறொரு காரணத்துக்காகவும் அறியப்பட்டது. வறுமைப்பட்டவர்கள் சிறுநீரகம் விற்ற வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பட்டப்பெயர் வந்தது. 1994இல் இந்தியப் பாராளுமன்றம் உறுப்பு வியாபாரத்தைத் தடை செய்தது. ஆயினும் 2004 சுனாமியில் வீடிழந்து வடசென்னையின் எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் பலர் சிறுநீரகம் விற்றிருந்தமை 2007இன் தொடக்கத்தில் அம்பலமாயிற்று. அடுத்த ஆண்டே தமிழ்நாடு வேறொரு பாதையையும் காட்டியது. 2008இல் விபத்தில் மூளைச்சாவடைந்த பதின்ம வயதுச் சிறுவன் ஒருவனின் உறுப்புகளை, வைத்தியர்களான அவனது பெற்றோர் தானமாகக் கொடுத்தனர். அது பொதுமக்களின் மனதை மாற்றியது. இறந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்க அம்மாநில அரசு அதே ஆண்டில் ஆரம்பித்த திட்டம், பின்னர் ஏனைய மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று.

இலங்கையில் 1985இல் பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப்பின் முன்முயற்சியில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. 1987இன் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்புத் தானத்துக்குச் சட்டவடிவம் கொடுத்தது. வெளிநாட்டவர்களின் சிறுநீரகங்கள் கொழும்பில் கைமாறுவதாக இந்தியப் பொலிஸார் வெளிப்படுத்திய தகவல்களைத் தொடர்ந்து, 2016 ஜனவரியில் வெளிநாட்டவர்களுக்கான மாற்றுச் சிகிச்சைக்கு இலங்கை அரசாங்கம் தடை விதித்தது.

இதற்கிடையில் வடமத்திய மாகாணத்தில் புதியதொரு துயரம் தலைதூக்கியிருந்தது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய போன்ற பகுதிகளில், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகங்கள் சத்தமின்றிப் பழுதடையத் தொடங்கின. வவுனியாவையும் அது தொட்டது. கட்மியம், ஆர்சனிக், புளோரைட், கடினநீர், விவசாய இரசாயனங்கள், கடும் வெப்பத்தில் நீரின்றி உழைத்தல் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. எதுவும் முடிந்த முடிபாக நிறுவப்படவில்லை. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடையேயும் இதையொத்த நோய் காணப்படுகிறது. கிளைபொசேட் களைநாசினி 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டு, 2022இல் தடை முற்றாக நீக்கப்பட்டது. நாட்டுக்கு உணவூட்டிய மனிதனுக்குத் தன் கிணற்று நீரை நம்ப முடியாத நிலை இன்னமும் நீடிக்கிறது. சீன உதவியுடன் பொலன்னறுவையில் அமைக்கப்பட்ட தேசிய சிறுநீரக வைத்தியசாலை 2021இல் திறக்கப்பட்டது.

அரசாங்க வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. இது பெருமைக்குரியது. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைகள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் என்றால், பஸ் கட்டணமும் இழந்த நாட்கூலியும் துணைக்கு வருபவரின் வேலையிழப்பும் சேர்ந்து ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிடும். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னர், மேலதிக சிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு செல்வது, அனுமதி பெற்று விமானத்துக்கோ கப்பலுக்கோ காத்திருப்பதாகவே இருந்தது. இயந்திரத்தில் மறுநாள் இருக்க வேண்டிய ஒருவருக்குக் காத்திருத்தல் என்பதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் தெற்கின் நோயாளர்களும் அதன் ஒரு பகுதியை அனுபவித்தார்கள்.

ஏழு பேர் இல்லாத குழு

நமது தமிழ்ப் பத்திரிகைகளின் வாசகர்களுக்கு ஒரு விளம்பரம் மிகவும் பழக்கமானது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த ஒருவரின் புகைப்படம், வைத்தியரின் கடிதம், கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல், வங்கிக் கணக்கு இலக்கம். இவற்றை எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகப் படியேறி வந்த தாய்மாரையும் மனைவிமாரையும் நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். எந்த வேண்டுகோளுக்குப் பணம் சேரும் என்பது ஆசிரியபீடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சிறு பிள்ளைகளுடன் நிற்கும் இளம் தாய்க்குச் சேரும். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவனுக்குச் சேரும். லண்டனிலும் டொரன்டோவிலும் உறவினர் உள்ள ஊரவருக்குச் சேரும். பிள்ளைகளற்ற, ஐம்பத்தெட்டு வயதான, மலையகத்துக் கூலித் தொழிலாளி ஒருவருக்குச் சேராது.

சியாட்டிலின் அந்த ஏழு பேர் கேட்ட கேள்விகளையே நாமும் கேட்கிறோம். அவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தாம் என்ன செய்கிறோம் என்று அறிந்து கேட்டார்கள். நாம் பத்திரிகையைப் புரட்டும்போது அறியாமலே கேட்கிறோம். இதற்காக உதவுபவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. புலம்பெயர்ந்த நம்மவர்களின் உதவியால் வாழ்வோர் அநேகர். ஆனால் தனிமனிதர்களின் இரக்கம் எப்போதும் தெரிவு செய்யும். தெரிவு செய்யாதிருக்கக் கூடியது பொது ஏற்பாடு மாத்திரமே. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் கற்றுத்தரும் பாடம் இதுவே.

புலம்பெயர் நாடுகளில் வாழும் வாசகர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தெற்காசிய வம்சாவளியினரிடையே நீரிழிவும் அதன் விளைவான சிறுநீரகச் செயலிழப்பும் அதிகம். பிரித்தானியாவில் தெற்காசிய நோயாளர்களின் எண்ணிக்கைக்கேற்ற அளவில் அவர்களது சமூகத்திலிருந்து தானம் செய்வோர் இல்லை. அதனால் பொருத்தமான உறுப்புக்காக அவர்கள் நீண்டகாலம் காத்திருக்க நேர்கிறது. 2020 மே மாதம் முதல் இங்கிலாந்தில், மறுப்புத் தெரிவிக்காத வயதுவந்தோர் சம்மதித்தவர்களாகக் கருதப்படுகிறார்கள். ஆனாலும் இறுதி நேரத்தில் குடும்பத்தினரின் கருத்துக் கேட்கப்படும். வீட்டில் ஒருபோதும் பேசப்படாத விடயத்துக்கு அந்த வேளையில் ஆம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். கண்தானத்தில் உலக நாடுகள் பலவற்றுக்கு விழிவெண்படலம் அனுப்பிய நாடு இலங்கை. கண்ணைக் கொடுக்க இணங்கிய மக்களுக்குச் சிறுநீரகத்தைக் கொடுக்க விளக்கவே வேண்டியிருக்கிறது, வற்புறுத்த வேண்டியதில்லை.

நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் 2019இன் பின்னர் பெருகியுள்ளன. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி.2 வகை மருந்துகள் சிறுநீரகத்தையும் பாதுகாப்பது பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. 2024 மார்ச்சில் பொஸ்டனில், மரபணு மாற்றப்பட்ட பன்றியின் சிறுநீரகம் உயிருடனுள்ள நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அவர் இரண்டு மாதங்களின் பின்னர் இறந்தாலும் முயற்சிகள் தொடருகின்றன. வழிகள் இன்னும் கூடும். நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது குருதியில் கிரியேட்டினினையும் சிறுநீரில் அல்புமினையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது இவை எல்லாவற்றையும் விட மலிவான வழி.

கொல்ஃபுக்கும் ஸ்க்ரிப்னருக்கும் 2002இல் லஸ்கர் விருது கூட்டாக வழங்கப்பட்டது. ஒருவர் தகுதியை விசாரிக்காமல் ஓர் உயிரைக் காப்பாற்றியவர். மற்றவரின் கண்டுபிடிப்பு, அவர் விரும்பாமலே, தகுதியை விசாரிக்கும் குழுவொன்றை உருவாக்கிவிட்டது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு எந்தச் சிகிச்சை பொருத்தம் என்பதை வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். அவர் வாழத் தகுதியானவரா என்று தீர்மானிக்கும் உரிமை எந்தக் குழுவுக்கும் இல்லை; அவரது வறுமைக்கும் இல்லை.